அருவிக்கரைக் கடையும் அம்மாவின் குளியலும்

நல்லெண்ணெயும் ஈரத்துணியும் பழுத்த பலாவும் ஒன்றாகக் கலந்தடிக்கும் ஒரு வாசனை உண்டு. குற்றாலத்தில் சாரல் விழுகிற மாதங்களில் பேரருவிக்குப் போகும் வழியெல்லாம் அதுதான் வீசும். அந்த வாசனைக்கு நடுவில்தான் எங்கள் கடை இருந்தது. கடை என்றதும் பெரிதாக நினைத்துவிட வேண்டாம்; மூங்கில் கால்கள், மேலே ஓலை, பலமாகக் காற்றடித்தால் அதுவும் சந்தேகம். தென்காசியிலிருந்து முதல் பஸ்ஸில் வந்து திறப்போம். துண்டு, சோப்பு, சீயக்காய், எண்ணெய் விற்போம். குளிக்கப் போகிறவர்கள் கைக்கடிகாரத்தையும் மூக்குக்கண்ணாடியையும் மாற்றுத்துணிப் பையையும் "செத்த பாத்துக்கிடுங்க" என்று கொடுத்துவிட்டுப் போவார்கள். அம்மா முகத்தைப் பார்த்தே அவரவர் பொருளைத் திருப்பிக் கொடுப்பாள்.

ஊர் உலகமெல்லாம் குளிக்க வருகிற அந்தச் "சீசனில்" கடைக்காரர்கள் மட்டும் அருவியில் குளிக்க மாட்டார்கள். கூட்டத்தை விட்டு நகர முடியாது. சீசன் முடிந்து கூட்டம் ஓய்ந்தபின் போனால் பாறையில் தண்ணீர் நூலாக இறங்கிக்கொண்டிருக்கும். கோவில்பட்டிக்குக் கிழக்கே, குடிதண்ணீருக்கே குடத்தோடு அலைகிற ஊரிலிருந்து வாழ்க்கைப்பட்டு வந்த அம்மாவுக்கு, அருவி வெள்ளையாக இரைந்து விழும்போது ஒரு தடவையாவது அடியில் போய் நிற்க வேண்டும் என்று தீராத ஆசை.

அப்பா சிரிப்பார். "நாள் பூரா நனைஞ்சுக்கிட்டுதான இருக்கோம், இதுல குளிக்க வேற செய்யணுமாக்கும்?" சொட்டச் சொட்ட வருகிறவர்களால் கடையும் நாங்களும் ஈரமாகவே இருப்போம் என்பது உண்மைதான். நனைவதும் குளிப்பதும் ஒன்றா? எனக்கு அவர்மேல் கோபம் கோபமாக வரும்.

நான் ஆறாம் வகுப்புப் படித்த ஆண்டு, ஓர் ஆடி மாதத்து மதியம், அம்மா யாரையும் கேட்காமல் கடை எண்ணெயையே எடுத்துத் தலை நிறையத் தேய்த்துக்கொண்டாள். "கடையப் பாத்துக்கிடுங்க, நானும் பிள்ளையும் குளிச்சிட்டு வாரோம்." அப்பா ஒரு கணம் முழித்துவிட்டு, புதுத் துண்டொன்றை உருவி நீட்டினார். நாங்கள் பெண்கள் வரிசையை எட்டுவதற்குள் மலையில் கொட்டிய மழை செந்நிறமாகப் புரண்டு வந்துவிட்டது. போலீஸ்காரர்கள் விசில் ஊதி எல்லோரையும் விரட்டி, அருவியை அடைத்துவிட்டார்கள். அம்மா கடைக்குத் திரும்பி, நெற்றியில் எண்ணெய் வழிய வழிய, அவசரமாக வெளியேறியவர்களுக்கெல்லாம் துண்டு விற்றாள். "விடுட்டி, அடுத்த சீசன்ல பாத்துக்கிடுவோம்" என்றாள்.

அடுத்தடுத்த சீசன்களில் கடைதான் வளர்ந்தது. ஓலை தகரமானது, நேந்திரங்காய் சிப்ஸ் போட அடுப்பு வந்தது, அம்மா கரண்டியோடு அதன்முன் நின்றாள். பிறகு அப்பா போய்ச் சேர்ந்தார். அருவிக்கரையைப் புதுப்பிக்கிறார்கள் என்று கடைகளும் போயின.

இந்த ஆண்டு அம்மாவை அழைத்துக்கொண்டு போனேன். கல் பதித்த நடைபாதை, எவர்சில்வர் கைப்பிடி, உடை மாற்ற அறை, இருட்டினால் வண்ண விளக்கு. குறை சொல்ல மனம் வரவில்லை. அந்தக் கைப்பிடி இல்லாவிட்டால் முழங்கால் வலியோடு அம்மா அவ்வளவு தூரம் வந்திருக்கவே மாட்டாள். எங்கள் கடை எந்த இடத்தில் இருந்தது என்பதுதான் எனக்குப் பிடிபடவில்லை.

நல்ல தண்ணீர். தலையைக் கொடுத்த அம்மா வெளியே வருவதாக இல்லை. காவலுக்கு நின்ற பெண் விசில் ஊதிப் பார்த்தாள். "ஆச்சி, பின்னால ஆளு நிக்காவ, வாங்க" என்று கெஞ்சிப் பார்த்தாள். கடைசியில் நான்தான் கையைப் பிடித்து இழுத்து வந்தேன். உதடு நடுங்கியது, குளிர் என்று நினைத்தேன். துவட்டிவிடும்போதுதான் அழுகிறாள் என்று தெரிந்தது.

"என்னம்மா?"

"ஒங்க அப்பாவும் ஒருநாளு கடைய அடைச்சிட்டு வந்து இதுல நின்னுருக்கலாம்லாட்டி."

கடை போட்ட நாளிலிருந்து அப்பாவும் ஒரு சீசன்கூட அருவியில் குளித்ததில்லை என்பது, இத்தனை வயதுக்குப் பிறகு, எனக்கு அப்போதுதான் உறைத்தது.