கஷாயத்தைக் கொளுத்திப் பார்த்தேன்

போன மாதம் என் வீட்டுச் சமையலறையில் ஒரு பரிசோதனை நடத்தினேன். வெற்றிகரமாக முடிந்தது. அன்று முதல் மனசு சரியில்லை.

மழைக்காலத்தில் எனக்குக் கல்லடைப்பு வந்தது. இடுப்பில் ஆரம்பித்து அடிவயிற்றுக்கு இறங்கும் வலி... அனுபவித்தவர்களுக்கு விவரம் வேண்டாம். மற்றவர்களுக்குச் சொன்னால் புரியாது. டாக்டர் பார்த்தார். "தண்ணீர் நிறையக் குடியுங்கள். தானாக விழாவிட்டால் கத்திதான்" என்றார்.

சர்க்கார் ரசாயனப் பரிசோதனைச் சாலையில் முப்பது வருஷம் இருந்தவன் நான். எந்தப் பாட்டிலுக்கு எந்த லேபிள், எந்தக் கடிதத்துக்கு எத்தனை நகல் என்று கேளுங்கள், தூக்கத்திலும் சொல்வேன். ராத்திரி வலியில் துடிக்கும்போது யாரைக் கூப்பிடுவது? அது மட்டும் தெரியவில்லை. மனைவி போய்ச் சேர்ந்து ஏழு வருஷம். மகன் ரங்கூனில். ரிடயரானதும் கல்கத்தாவை ஒட்டிய டாக்குரியாவில் வீடு எடுத்தேன். காற்று நன்றாக வரும் என்றார்கள். காற்று வருகிறது. வேறு யாரும் வருவதில்லை.

என் முனகல் கேட்டு வந்தவர் அடுத்த வீட்டு வங்காளி ஹரிபாபு. பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவர். டாக்டர் சொன்னதைக் கேட்டதும் 'மொஷாய்' (நம் 'ஐயா') போட்டு ஆரம்பித்தார்.

"ஆரே மொஷாய், இதற்கா கத்தி? என் மாமாவுக்கு எலுமிச்சம் விதை அளவு கல் விழுந்தது. புனர்நபா போதும்!"

மறுநாள் காலை ஏழு மணிக்கு மூடி போட்ட கிண்ணத்தோடு வந்து நின்றார். புனர்நபா என்று வங்காளிகள் சொல்வது நம் ஊர் மூக்கிரட்டைதான். குளக்கரையில் அவரே பிடுங்கி, நெருஞ்சிலும் சேர்த்து, எட்டுக்கு ஒன்றாகச் சுண்டக் காய்ச்சியது.

"குடித்து முடிக்கிறவரை நான் நகர மாட்டேன்" என்று உட்கார்ந்தார்.

குடிக்க ஒரு நிமிஷம் போதும். அவர் எழுந்திருக்க ஒரு மணி நேரம் ஆகும். முனிசிபாலிட்டி ஒழுங்கில்லை, மருமகள்கள் ஒழுங்கில்லை, மழை ஒழுங்கில்லை. கடைசியில் என்னிடம் வருவார்.

"மீன் தொடாத மனுஷனுக்கு உடம்பில் பலம் எங்கே இருந்து வரும்?"

"பலம் இல்லாமலா உள்ளே கல் விளைகிறது?"

தினமும் இப்படி. நானும் மெதுவாகத்தான் குடித்தேன்.

சும்மா இருந்திருக்கலாம். பழக்கம் விடவில்லை. இதில் அப்படி என்ன இருக்கிறது? ஒரு நாள் பாதிக் கஷாயத்தை எடுத்து வைத்தேன். வடிகட்டினேன், இன்னும் சுண்டவைத்தேன். அதில் ஒரு பிளாட்டிங் பேப்பரை நனைத்து, காயப்போட்டு, நெருப்பு வைத்தேன்.

சர்ரென்று பொறி பறந்தது. வெடியுப்பு!

மறுநாள் ஹரிபாபு முன்னால் இன்னொரு துண்டைக் கொளுத்திக் காட்டினேன். அவர் வாசற்பக்கம் எட்டிப் பார்த்தார்.

"மெதுவாகப் பேசுங்கள், மொஷாய். ஊரெல்லாம் வெடிகுண்டு வழக்காக இருக்கிற நிலையில் போலீஸ்காரன் காதில் விழுந்தால் என் குளக்கரையையே அரெஸ்ட் செய்துவிடுவான்."

இருவரும் சிரித்தோம். நான் அந்தச் சிரிப்போடு நிறுத்தினேனா?

"வெடியுப்பு என்பது ஒரு பொட்டாஷ் உப்பு; சிறுநீரைப் பெருக்குவது அதுதான். செடியும் வேண்டாம், அடுப்பும் வேண்டாம். டிஸ்பென்சரியில் பொட்டாஷ் மிக்ஸ்சர் தருகிறார்கள். அளவும் துல்லியமாக இருக்கும்" என்றேன்.

ஹரிபாபு யோசித்தார்.

"உப்பு போக மீதி?"

"கசப்பு, நிறம், கொஞ்சம் பிசின். வேலை செய்கிற சரக்கு இல்லை."

"ரசாயனம் படித்தவர் சொன்னால் சரி" என்றார். கிண்ணத்தை எடுத்துக்கொண்டு கிளம்பினார்.

மறுநாள் ஏழு மணிக்கு யாரும் வரவில்லை. ஏன் வர வேண்டும்? வேண்டாம் என்பதை ஆதாரத்தோடு நிரூபித்தவன் நான்தானே!

மிக்ஸ்சர் வாங்கினேன். தெளிவான திரவம், பாட்டிலில் கோடு போட்ட அளவு. ஒரே மடக்கு. ஏழு மணி ஒரு நிமிஷத்துக்கெல்லாம் காலை வேலை முடிந்துவிடும். அப்புறம்...? மத்தியானம் வரை கடிகாரச் சத்தம்.

எங்கள் ரிப்போர்ட்டில் 'மற்றவை' என்று ஒரு கட்டம் உண்டு. பரிசோதனையில் அகப்படாததையெல்லாம் அதில் தள்ளிவிட்டுக் கையெழுத்துப் போடுவோம். முப்பது வருஷத்தில் எதை எதையெல்லாம் தள்ளினேனோ?

போன செவ்வாய்க்கிழமை கல் விழுந்துவிட்டது. மிளகைவிடச் சின்னது. இதுவா அந்தப் பாடு படுத்தியது என்று யாரிடமாவது காட்டி அங்கலாய்க்க வேண்டும் போலிருந்தது. வீட்டில் நானும் கல்லும்தான்.

கஷாயத்தால் விழுந்ததா, மிக்ஸ்சராலா, தண்ணீராலா? தெரியாது. தெரிந்துகொள்ளும் வழி எனக்குத் தெரியும். இந்த முறை வேண்டாம் என்று விட்டுவிட்டேன்.

புதன்கிழமை காலை ஹரிபாபு வீட்டுக்குப் போனேன். முற்றத்தில் தனியாக உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருந்தார்.

"வலி எப்படி இருக்கிறது?"

"மிக்ஸ்சர் பிரயோஜனமில்லை. அப்படியே இருக்கிறது" என்றேன்.

பக்கத்து வீட்டுக்காரன் வலியைக் கேட்டு ஒரு மனுஷன் முகம் இப்படி மலர்ந்து நான் பார்த்ததில்லை.

"அப்போதே நினைத்தேன்! பாட்டிலில் அடைத்த உப்புக்கு என்ன தெரியும்? நாளைக்கே கொண்டு வருகிறேன்."

"எத்தனை நாள் குடிக்க வேண்டியிருக்கும்?"

"பிடிவாதமான கல், மொஷாய்..." கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "குளிர்காலம் முழுக்க ஆகும்."

கல்கத்தாவில் இருக்கும் தமிழ் வாசகர்களுக்கு ஒரு விண்ணப்பம்: ஹரிபாபுவுக்குத் தமிழ் தெரியாது. தயவுசெய்து யாரும் இதை அவருக்குப் படித்துச் சொல்லிவிடாதீர்கள்.