கோமதி சிஸ்டரும் கஞ்சி போட்ட விரிப்பும்

கழக்கூட்டம் ஜங்ஷன் நெரிசலில் பஸ் நின்றிருந்தபோது கோமதி சிஸ்டரின் மகள் போன் செய்தாள். "அம்மா போயிட்டா மாமா" என்றாள். என் பையில் ஒரு நோயாளிக்காக வாங்கிய புதுப் பருத்தி விரிப்பு இருந்தது. சிஸ்டரிடம் காட்டாமல் இதை எப்படிக் கொடுப்பது என்றுதான் முதலில் தோன்றியது.

நர்ஸ் வேலையிலிருந்து ஓய்வு பெற்றபின், படுக்கையிலேயே கிடப்பவர்களை வீடு வீடாகப் போய்ப் பார்த்தவர் அவர். கூடப் போன தொண்டர்களில் நானும் ஒருவன். உங்கள் வீட்டுக்கு வந்திருந்தாலும் நோயாளியின் நாடியைப் பிடிப்பதற்கு முன் விரிப்பைத்தான் தடவிப் பார்த்திருப்பார். ஆரியசாலைக் கடைகளில் துணியைக் கசக்கி, முன்கையின் உட்புறத்தில் தேய்த்துப் பார்ப்பார். கடைக்காரர் மினுமினுக்கும் பாலியெஸ்டர் துணிக்கட்டை அவசரமாக உள்ளே தள்ளிவிடுவார்.

கோட்டைக்குள் இருக்கும் ராமநாதன் வீட்டை மறக்க முடியாது. பக்கவாதத்தில் விழுந்த அவருடைய அப்பாவுக்கு இடுப்புக்குக் கீழே தோல் சிவந்திருந்தது. விரலால் அழுத்தினாலும் சிவப்பு மாறவில்லை. அப்படியே விட்டால் புண்ணாகும். அந்த வயதில் ஆறுவது கஷ்டம். ராமநாதனோ அப்பா மேல் உயிரையே வைத்திருந்தவர். தினமும் தன் கையால் கஞ்சி போட்டு, மொடமொடவென்று இஸ்திரி போட்ட வெள்ளை விரிப்பை விரிப்பார். இனி கஞ்சியே கூடாது என்றார் சிஸ்டர்.

"பாக்க வர்றவா என்ன நினைப்பா சிஸ்டர்? அப்பா ஹெட்மாஸ்டரா இருந்தவர்."

"விரிப்பு பாக்க வர்றவங்களுக்கா, படுத்திருக்கவருக்கா? சட்டையைக் கழட்டிட்டு நீங்க இதுல படுங்க. அசையப்படாது, கேட்டோ!"

இன்னொரு விரிப்பைத் தரையில் போட்டு அவரைப் படுக்க வைத்தேவிட்டார். நல்ல புழுக்கம். காப்பி வருவதற்குள் மனிதர் நெளிய ஆரம்பித்தார். எழுந்தபோது முதுகெல்லாம் மடிப்பின் வரிகள். அதைப் பார்த்துப் பெரியவர் பாதி வாயால் சிரித்தார். விழுந்த பிறகு அப்பா சிரித்து அன்றுதான் பார்த்ததாக ராமநாதன் சொன்னார்.

"நீங்க எழுந்துட்டீங்க. அவருக்கு முடியாதே" என்றார் சிஸ்டர்.

துவைத்துத் துவைத்து மெத்தென்றாகிவிட்ட பழைய பருத்தி விரிப்பு வந்தது. தையல் உடம்புக்கு அடியில் வரக்கூடாது, ரப்பர் ஷீட் தோலில் படக்கூடாது, ஒரு சுருக்கம் இருக்கக்கூடாது. "துணி பாதி வேலைதான் பாக்கும். மீதிக்கு நீங்கதான் அவரைத் திருப்பித் திருப்பிப் படுக்க வைக்கணும்" என்று மிரட்டிவிட்டுத்தான் கிளம்பினார். சிவப்பு மெல்ல மறைந்தது. பெரியவர் கடைசிவரை புண்ணில்லாமல் இருந்து போனார்.

நேற்று சிஸ்டருக்குக் கோடி போர்த்த ராமநாதன் வந்தார். அவர் கையிலிருந்த துணி துவண்டு கிடந்தது.

"இது நனைச்ச துணி மாதிரி இருக்கே. கோடின்னா புதுசா இருக்க வேண்டாமா?" என்றார் உறவினர் ஒருவர்.

"புதுசுதான். கஞ்சி போறவரைக்கும் அலசி எடுத்துண்டு வந்தேன். இவாளுக்கு மொடமொடன்னு போர்த்த எனக்கு மனசு வரலை."

மகள் அதை வாங்கி முதலில் தன் கன்னத்தில் வைத்துக்கொண்டாள். பிறகு அம்மாவுக்குப் போர்த்தினாள். அதுவரை அடக்கி வைத்திருந்த அழுகை எனக்கு அப்போதுதான் வந்தது.

பையிலிருந்த விரிப்பை இன்று காலை அலசிக் காயப் போட்டிருக்கிறேன். காய்ந்ததும் என் முன்கையில் தேய்த்துப் பார்ப்பேன். சிஸ்டரிடமிருந்து எனக்கென்று எடுத்துக்கொண்டது அந்தப் பழக்கம் ஒன்றுதான். உறுத்தினால் மறுபடியும் அலசுவேன்.