சொல்லக் கூசும் வலிகளைக் கேட்ட எங்கள் அக்கா

எங்கள் அன்பு அக்கா எங்களை விட்டுப் பிரிந்து ஓராண்டு நிறைகிறது. இந்த நினைவு மலரைக் கையில் ஏந்தியிருக்கும் உறவினர்களுக்கும் நண்பர்களுக்கும் அவருடைய ஒரே தம்பியாகிய நான் வணக்கம் கூறி இதை எழுதுகிறேன்.

மலர் வேலை தொடங்கியபோதே வீட்டில் ஒரு பேச்சு வந்தது. அக்காவின் தொழிலை எப்படிக் குறிப்பிடுவது? "மூட்டு வலி, எலும்பு வலி பாக்குறவங்கன்னு போட்டுடலாமே, பெரியவங்கள்லாம் படிப்பாங்க" என்றார் சித்தப்பா. அவர் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. அம்மா சமையலறையிலிருந்து வெளியே வந்தார். "அவ போர்டுல என்ன எழுதியிருந்தாளோ அதையே எழுதுங்க. தமிழ்ல பெரிசா எழுதி மாட்டியிருந்தா. அவளே மறைக்கல, நாம எதுக்கு மறைக்கணும்?" என்றார். பேச்சு அதோடு முடிந்தது.

ஆகவே மறைக்காமல் எழுதுகிறேன். அக்கா இடுப்புத்தள பிசியோதெரபிஸ்டாகப் பணியாற்றினார். அடிவயிற்றிலும் இடுப்பிலும் பிறப்புறுப்பிலும் ஆண்டுக்கணக்காக வலியோடு வாழ்பவர்கள், தாம்பத்திய உறவே வலியாகிப் போனவர்கள், சிறுநீரை அடக்க முடியாமல் வீட்டுக்குள் முடங்கியவர்கள் அவரிடம் வந்தார்கள். மருந்து கொடுப்பது அவர் வேலையன்று. அந்த இடத்துத் தசைகளைத் தளர்த்தவும் பலப்படுத்தவும் பயிற்சி கொடுப்பதும், அதற்கும் முன்னால் அவர்கள் சொல்வதைக் காது கொடுத்துக் கேட்பதும்தான் அவர் வேலை.

அக்கா கிள்ளானில் பிறந்தார். அப்பா போர்ட் கிள்ளானில் கொள்கலன் லோரி ஓட்டினார். அம்மா ஒரு கிடங்கில் சாமான் அடுக்கிக் கட்டும் வேலை பார்த்தார். இருவருக்கும் ஷிப்ட் மாறி மாறி வரும். எனக்குத் தலை வாரி, சோறு போட்டு, பள்ளி பஸ்ஸில் ஏற்றி விட்டதெல்லாம் அக்காதான். வேலை முடிந்து வந்த அப்பா இடுப்பைப் பிடித்துக்கொண்டு வாசலிலேயே நிற்பார். அக்கா அவரைக் குப்புறப் படுக்க வைத்து இடுப்பை அமுக்கி விடுவார். "இன்னும் கொஞ்சம் கீழ... ஆங், அங்கதான்" என்று அப்பா முனகுவது அடுத்த வீடு வரை கேட்கும். பிசியோதெரபி என்ற சொல்லே எங்கள் வீட்டில் யாருக்கும் தெரியாது. பள்ளியிறுதி எஸ்.பி.எம். தேர்வுக்குப் பிறகு விண்ணப்பித்தவற்றில் அந்தப் படிப்புதான் கிடைத்தது. அதையே அக்கா பிடித்துக்கொண்டார்.

படிப்பு முடிந்து அரசாங்க மருத்துவமனையில் வேலைக்குச் சேர்ந்தார். விபத்தில் கால் முறிந்தவர்களையும் பக்கவாதம் வந்தவர்களையும் நடக்க வைத்தார். திருமணமானது. அத்தான் ஏர்கோன் பொருத்தும் வேலை செய்பவர். அடுத்த ஆண்டே மகள் பிறந்தாள்.

இனி எழுதப் போவதை அத்தானிடம் படித்துக் காட்டி, அவர் தலையசைத்த பிறகே அச்சுக்குக் கொடுத்தேன். பிரசவத்தில் ஏற்பட்ட கிழிசல் ஆறியது. வலி ஆறவில்லை. உட்கார்ந்தால் வலித்தது. கணவன் மனைவியாகச் சேர்ந்திருப்பதும் முடியாமல் போனது. பரிசோதித்தவர்கள் எல்லாம் சரியாக இருப்பதாகச் சொல்லி அனுப்பினார்கள். "பிள்ளை பெத்தா அப்படித்தான், போகப் போகச் சரியாயிடும்" என்றார்கள் உறவுப் பெண்கள். அம்மாவும் அதையே சொன்னார். ஒரு நாள் அக்கா அத்தானிடம், "ஊராரோட முதுகு, முழங்கால் எல்லாம் எனக்குத் தெரியுது. என் உடம்புல இந்த ஒரு இடம் மட்டும் ஏன் எனக்கே தெரியல?" என்று கேட்டு அழுதாராம்.

அதற்கு விடை சொன்னவர், வெளிநாட்டில் இத்துறையைப் படித்துத் திரும்பியிருந்த மூத்த சக பணியாளர் ஒருவர். அக்காவைப் பொறுமையாகப் பரிசோதித்துவிட்டு, "காயம் ஆறிடுச்சு. ஆனா உன் உடம்பு இன்னும் காவல் காத்துக்கிட்டே இருக்கு" என்றாராம். வலிக்குமோ என்ற பயத்தில் தசை இறுகுகிறது, இறுகுவதாலேயே மேலும் வலிக்கிறது என்று அவர் விளக்கியபோது, தன் வலியை முதல் முறையாக ஒருவர் நம்பினார் என்பதே அக்காவுக்குப் பாதி மருந்தாக இருந்தது. மாதக்கணக்கில் பயிற்சி செய்து குணமானார். பிறகு அதே துறையைப் படிக்க ஆஸ்திரேலியாவுக்குப் போனார். அத்தான் மகளைப் பார்த்துக்கொண்டார். திரும்பி வந்து சில ஆண்டுகளில் அரசாங்க வேலையை விட்டு, பிரிக்பீல்ட்ஸில் ஒரு கடையின் மேல்மாடியில் சின்ன அறை எடுத்தார். அந்த போர்டை மாட்டினார்.

அந்த அறையில் நடந்தவை எதையும் அக்கா எங்களிடம் சொன்னதில்லை. நான் இங்கே எழுதும் ஒன்றை, அவருடைய பதினாறாம் நாள் காரியத்துக்கு வந்த ஒரு தம்பதியர் சொன்னார்கள். "பேர் மட்டும் வேணாம் அண்ணே. மத்ததெல்லாம் எழுதுங்க. யாராவது ஒருத்தருக்குப் பயன்படும்" என்றார் அந்தக் கணவர்.

அவர்கள் பூச்சோங்கிலிருந்து அக்காவிடம் வந்தபோது திருமணமாகி ஈராண்டுகள் கடந்திருந்தன. இருவருக்கும் இடையே தாம்பத்தியம் நடக்கவே இல்லை. நெருங்கினாலே அந்தப் பெண்ணின் உடம்பு இறுகி, தாங்க முடியாத வலி வந்தது. கணவர் தன்னை அவளுக்குப் பிடிக்கவில்லை என்று முடிவு கட்டியிருந்தார். பெண்ணைத் தாய்வீட்டுக்கு அனுப்பிவிடுவதென்று பெரியவர்கள் பேசத் தொடங்கியிருந்தார்கள்.

முதல் சில வாரங்கள் அக்கா அந்தப் பெண்ணைத் தொடவே இல்லை. பேசினார்கள், மூச்சுப் பயிற்சி செய்தார்கள், உடம்பின் படத்தைப் பார்த்தார்கள். "வேணாம்னு நீ சொன்ன உடனே நிறுத்திடுவோம். இங்க நீ சொல்றதுதான்மா நடக்கும்" என்றாராம். பிறகு கணவரையும் வரச் சொன்னார். அவர் தலையைக் குனிந்துகொண்டே உட்கார்ந்திருக்க, அக்கா சொன்னது இது: "அவங்க உங்களத் தள்ளல தம்பி. வலியத் தள்ளுறாங்க."

"அது எனக்குப் புரியறதுக்கு அந்த ஒரு வார்த்தை போதும் அண்ணே" என்று என்னிடம் சொல்லும்போதும் அவர் கண் கலங்கியது.

இதற்கிடையில் ஒரு நாள் மாமியார் அந்த மாடிப்படி ஏறி வந்துவிட்டார். மருமகள் உள்ளே பயிற்சியில் இருந்தார், எல்லாம் அவர் காதில் விழுந்தது.

"இந்தப் பொண்ணுக்கு என்ன குறை? பிள்ளை பெத்துக்குமா, பெத்துக்காதா? எனக்குத் தெரிஞ்சாகணும்."

"உட்காருங்க ஆன்டி, தண்ணி குடிங்க. இங்க வர்றவங்க என்ன பேசுறாங்கன்னு நான் யார்கிட்டயும் சொல்றதில்ல. நாளைக்கு நீங்க வந்து பேசினாலும் உங்க மருமககிட்ட சொல்ல மாட்டேன்."

"சொல்லலன்னா இந்த எடத்தப் பத்தி நான் வெளிய என்ன சொல்லுவேன்னு பாத்துக்கோ."

"சொல்லுங்க ஆன்டி. படி செங்குத்தா இருக்கும், பாத்து எறங்குங்க."

அந்த அம்மாள் சொன்னபடியே செய்தார். கதவைச் சாத்திக்கொண்டு அந்த அறையில் தகாத காரியம் நடக்கிறது என்ற பேச்சு பூச்சோங்கில் கிளம்பிக் கிள்ளான் வரை வந்தது. ஒரு மகளிர் கூட்டத்தில் பேச அக்காவை அழைத்திருந்தவர்கள் கடைசி நேரத்தில் வேண்டாம் என்றார்கள். வந்துகொண்டிருந்தவர்களில் பலர் நின்றுவிட்டார்கள். துறைமுகத்துக் காப்பிக் கடையில் யாரோ கேட்டதாக அப்பா கொதித்துப் போய் அக்கா வீட்டுக்கு வந்தார். நான் அப்போது அங்கே இருந்தேன்.

"கை வலி கால் வலி பாத்தா போதாதாம்மா? ஆளாளுக்கு என்னக் கேக்குறானுங்க."

"யாரோ கோவத்துல ஏதோ சொல்லியிருக்காங்கப்பா."

"யாருன்னு சொல்லு. நான் போய்க் கேக்குறேன்."

"யாருன்னு தெரியும்பா. சொல்ல முடியாது."

"சொந்த அப்பன்கிட்ட சொல்ல முடியாதா?"

"முடியாதுப்பா."

அக்கா போட்டுக் கொடுத்த தேநீரைத் தொடாமல் அப்பா எழுந்து போனார். நெடுநாள் மகளோடு பேசவில்லை. ஒரே ஒரு குடும்பத்தின் பெயரைச் சொல்லியிருந்தால் அக்கா தன் பெயரைக் காப்பாற்றிக்கொண்டிருக்கலாம். அந்தப் பெண்ணை அது என்ன செய்திருக்கும் என்று அவருக்குத் தெரிந்திருந்தது. எங்களுக்குத் தெரியவில்லை.

அந்தத் தம்பதியர் தனி வீடு பார்த்துப் போனார்கள். சிகிச்சை ஓராண்டுக்கு மேல் நீண்டது. இன்று வலி இல்லாமல், ஒருவருக்கொருவர் ஆசையாக வாழ்கிறார்கள். குழந்தை பிறந்ததா என்று இதைப் படிப்பவர்கள் கேட்கக்கூடும். அந்தக் கேள்வியை அக்கா தம் அறையில் கேட்டதில்லை. நானும் கேட்கவில்லை.

அப்பாவின் கோபம் தீர்ந்த விதம் வேறு. வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு அவருக்குப் புராஸ்டேட் அறுவை சிகிச்சை நடந்தது. நல்லபடியாக முடிந்தது, ஆனால் சிறுநீர் கசிவது நிற்கவில்லை. யாரிடமும் சொல்லாமல் கோயிலுக்கும் கல்யாண வீடுகளுக்கும் போவதை நிறுத்தினார், நண்பர்களோடு காப்பிக் கடைக்குப் போவதையும் நிறுத்தினார். ஒரு மத்தியானம் அக்கா வந்து அவர் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"அப்பா, தண்ணி குடிக்காம இருந்தா அது நிக்காதுப்பா. இன்னும் எரிச்சல்தான் வரும்."

அப்பா தொலைக்காட்சியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "உங்கம்மா சொன்னாளா?"

"யாரும் சொல்லல. நாற்காலியக் குளியலறைப் பக்கமா நகர்த்திப் போட்டிருக்கீங்க. தண்ணி ஜாடி அப்படியே இருக்கு."

"இதெல்லாம் மககிட்டப் பேசற விஷயமா?"

"மககிட்டப் பேச வேணாம். எனக்குத் தெரிஞ்ச ஆம்பளை பிசியோ ஒருத்தர் பெட்டாலிங் ஜெயாவில இருக்காரு, அவர்கிட்டப் பேசுங்க. கூட்டிட்டுப் போறேன், உள்ள வர மாட்டேன். கார்லயே இருக்கேன்."

சொன்னபடியே ஒவ்வொரு முறையும் காரிலேயே காத்திருந்தார். என்ன நடந்தது என்று ஒரு நாளும் கேட்கவில்லை. சில மாதங்கள் கழித்துத் திரும்பி வரும் வழியில் அப்பா தாமாகவே பேசினாராம். "உன்கிட்ட வர்ற பொம்பளைங்களும் இப்படித்தான் வாயத் தெறந்து சொல்ல முடியாம வர்றாங்களா?"

"ஆமாப்பா."

கிள்ளான் பாலம் வந்ததும் அப்பா, "எங்கயாவது நிறுத்தும்மா. தே தாரிக் குடிச்சிட்டுப் போவோம்" என்றார்.

அதற்குப் பிறகு அப்பாவே ஆள் பிடிக்கத் தொடங்கினார். "போய்ப் பாரு லா. வெக்கப்பட்டா போட்டிருக்கிற சிலுவார்தான் நனையும்" என்று தம் பழைய லோரிக் கூட்டாளிகளைத் துரத்தித் துரத்தி அந்த பிசியோவிடம் அனுப்பினார். "யாருடா அந்த ஆளு?" என்று கேட்டால், "என் மகளுக்குத் தெரிஞ்சவரு. என் மகளும் இந்த வேலைதான் பாக்குது" என்பார்.

அறைக்கு மீண்டும் ஆட்கள் வந்தார்கள். ஓர் இளம் பெண்ணை உதவிக்குச் சேர்த்துப் பழக்கினார். எல்லாம் கூடி வந்த வேளையில்தான் அக்காவுக்குச் சூலகப் புற்றுநோய் இருப்பது தெரிந்தது. தெரிந்தபோதே பரவியிருந்தது. சிகிச்சைக்கு நடுவில் தெம்பு இருந்த நாள்களில் பிரிக்பீல்ட்ஸுக்குப் போய்த் தம்மிடம் வந்தவர்களை ஒவ்வொருவராக அந்த இளம் பெண்ணிடம் ஒப்படைத்தார். அதன் பிறகு கிள்ளானில் அம்மா வீட்டிலேயே படுத்துக்கொண்டார்.

கடைசி வாரங்களில் ஒரு நாள் அம்மா அவர் காலைப் பிடித்துவிட்டுக்கொண்டிருந்தார். திடீரென்று, "உன் தம்பி பொறந்ததிலேருந்து எனக்கும் அப்படித்தான்மா இருந்துச்சு" என்றார். எதைச் சொல்கிறார் என்று எனக்குப் புரியவில்லை. அக்காவுக்குப் புரிந்தது. "எல்லாப் பொம்பளைக்கும் அப்படித்தான்னு நெனச்சேன். அதான் நீ வந்து அழுதப்போ உன்கிட்டயும் அப்படியே சொல்லிட்டேன்."

அக்கா மெல்லக் கேட்டார். "இப்பவும் வலிக்குதாம்மா?"

"சில நாளு."

"என் ரூமுக்குப் போம்மா. அங்க இருக்கிற பொண்ணு நல்லாப் பாக்கும்."

"இந்த வயசுலயா?"

"வலிக்கு வயசு பாக்கத் தெரியாதும்மா."

அக்கா ஒரு காலை நேரத்தில், அத்தானும் மகளும் கையைப் பிடித்திருக்க, அமைதியாகக் கண் மூடினார். காரியங்கள் எல்லாம் முடிந்த பிறகு ஒரு நாள் அம்மா நல்ல சேலை ஒன்றைக் கட்டிக்கொண்டு, பிரிக்பீல்ட்ஸுக்குக் கூட்டிப் போகச் சொன்னார். அந்தச் செங்குத்தான படியைக் கைப்பிடியைப் பற்றிக்கொண்டு அவரே ஏறினார். நான் கீழே காத்திருந்தேன். இப்போதும் போய் வருகிறார். இதை எழுதச் சொன்னவரும் அம்மாதான்.

அக்காவின் நோய்க்காலத்தில் உறுதுணையாக நின்ற மருத்துவர்களுக்கும், வீட்டுக்கு வந்து வலி தணித்த தாதியர்களுக்கும், முறை வைத்துச் சமைத்துக் கொண்டுவந்த எங்கள் தாமான் குடியிருப்பு மக்களுக்கும், இரத்தம் கொடுத்த இளைஞர்களுக்கும், இறுதிச் சடங்குகளை முன்னின்று நடத்திய சித்தப்பாவுக்கும், அறையை மூடாமல் நடத்திவரும் அந்தச் சகோதரிக்கும் எங்கள் குடும்பம் நன்றிக்கடன்பட்டுள்ளது.

இன்னும் சிலருக்கு நன்றி சொல்ல வேண்டும். அக்காவின் உடல் வீட்டில் கிடத்தப்பட்டிருந்த அன்று, எங்களுக்குத் தெரியாத பெண்கள் பலர் வந்தார்கள். கோலாலம்பூரிலிருந்தும் இன்னும் எங்கெங்கிருந்தோ வந்தார்கள். மலாய்க்காரப் பெண்களும் சீனப் பெண்களும் இருந்தார்கள். சில ஆண்களும் வந்தார்கள். தனித்தனியாக வந்து, காலடியில் ஒரு பூவை வைத்துவிட்டு ஓரமாக நின்றார்கள். "நீங்க யாரு, எப்படித் தெரியும்?" என்று எங்கள் உறவினர்கள் இயல்பாகக் கேட்டபோது, "தெரிஞ்சவங்க" என்று மட்டும் சொன்னார்கள். ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்ளவும் இல்லை.

உங்களில் யாருக்காவது இந்த மலர் கிடைத்திருந்தால், உங்களுக்கும் எங்கள் நன்றி. நீங்கள் யார் என்று எங்களுக்குத் தெரியாது. அக்கா சொல்லவில்லை, நாங்களும் கேட்கப் போவதில்லை. ஆண்டுதோறும் இந்த நாளில் வீட்டுக் கதவு திறந்திருக்கும். வந்து சாப்பிட்டுவிட்டுப் போங்கள்.