கோளாறுக்கு முன் என்ன நடந்தது

என் மேசை இழுப்பறையில் கிரீஸ் கறை படிந்த நோட்டு ஒன்று இருக்கிறது. உள்ளே மூன்று பத்திகள்: நேரம், கோளாறு, கோளாறுக்கு முன் என்ன நடந்தது. திருவொற்றியூர் கன்டெய்னர் யார்டில் கிரேன் நின்றுபோனால் எழுதுகிற நோட்டு. இந்த ஒரு நோட்டில் மட்டும் கிரேன் இல்லை, நான் இருக்கிறேன்.

அந்த வருடம் எனக்கு வாரத்துக்கு இரண்டு முறை மாரடைப்பு வந்தது. கிரேன் கேபினில் உட்கார்ந்திருப்பேன். கன்டெய்னரை ஏற்றி வைத்தாற்போல் நெஞ்சு அழுத்தும், இடது கை மரத்துப்போகும். அடுத்த நிமிடமே மனசுக்குள் மூலக்கொத்தளம் சுடுகாட்டில் இடம் பார்த்து, மாலை வாங்க ஆளையும் அனுப்பிவிடுவேன். ஈசிஜி எடுக்கும் பெண் என்னிடம் சட்டையைக் கழற்றச் சொல்வதையே நிறுத்திவிட்டார். நான் கழற்றிக்கொண்டேதான் உள்ளே நுழைவேன். எக்கோ, டிரெட்மில், ரத்தம், எல்லாம் சுத்தம். "மனசுல ஏதாவது கஷ்டமா?" என்றார் டாக்டர். "எனக்கா? நான் வாயத் தொறந்தா ஊரே சிரிக்குது, எனக்கு இன்னா கஷ்டம் டாக்டர்?" என்றேன். பொய்யில்லை. உள்ளே தேடிப் பார்த்தேன், ஒன்றும் அகப்படவில்லை.

மாட்டிக்கொண்டது மகள். புனேயில் வேலை கிடைத்து, சேர மூன்று வாரம் இருந்தது. வீட்டில் ஒரு பக்கம் பெட்டி நிரம்பிக்கொண்டிருந்தது. இன்னொரு பக்கம், 'வேலைக்கு வரவில்லை' என்று கம்பெனிக்கு எழுதி அனுப்பாமல் வைத்திருந்த மெயில். "உன்ன இப்டி வுட்டுட்டு எப்டிப்பா போறது?" என்பாள்.

எங்கள் மெயின்டனன்ஸ் சூப்பர்வைசர் காத்திவாக்கத்துப் பெண். என்னைவிடப் பத்து வயது சின்னவர். கிரேன் நோட்டின் மூன்றாம் பத்தியில் நாங்கள் 'ஒன்றுமில்லை' என்று எழுதினால் நோட்டைத் திருப்பி அனுப்பிவிடுவார். என்னைக் கைத்தாங்கலாகக் கேபினிலிருந்து இறக்கிய ஒரு நாள், புது நோட்டு ஒன்றைக் கையில் திணித்தார்.

"மிஷினு நல்லாகீதுன்னு டாக்டரு சொல்லிட்டாரு இல்ல? இனிமே வலி வந்தா இதுல எழுதுண்ணே. சும்மா ஒண்ணும் மிஷினு நிக்காது."

கேலியாகத்தான் ஆரம்பித்தேன். செவ்வாய், நெஞ்சடைப்பு, முன்: மகள் பெட்டி வாங்கினாள். வெள்ளி, கை மரப்பு. முன்: மகளுக்குக் கொடுத்துவிட மனைவி கருவாடு பொட்டலம் கட்டினாள். திங்கள், மூச்சுமுட்டல்; முன்: மகள் ரயிலுக்கு டிக்கெட் போட்டாள்.

டீ நேரத்தில் சூப்பர்வைசர் மேடம் விரல் வைத்துப் படித்தார். "மூணு தபா நின்னுகீது. மூணு தபாவும் பொண்ணுதானே கீது? பெட்டி வாங்கினு வந்தப்போ உனக்கு எப்டி இருந்துச்சு?"

"ஏப்பம் வந்துச்சு மேடம்."

அவர் சிரிக்கவில்லை. "ஏப்பத்துக்கு முன்னால?"

பதிலுக்குப் பதில் பேசியே ஐம்பது வயதைத் தொட்டவன் நான். அன்று டீ டம்ளரையே சுற்றிக்கொண்டிருந்தேன். டீ ஆறிப்போன பிறகு, "வூடு காலியாயிடும் மேடம்" என்றேன். தோள் துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டேன். அவர் கிரேனைப் பார்ப்பதுபோல் திரும்பிக்கொண்டு பேனாவை நீட்டினார். "அத்தயும் எழுதுண்ணே."

அன்று மாலையே நோட்டை மகளிடம் காட்டினேன். "இது ஆர்ட்டு அட்டாக்கு இல்லம்மா. நீ போறது தாங்கல. அது இன்னான்னு தெரியாம ஆஸ்பத்திரிக்கு ஓடிக்கினு இருந்தேன். நீ போ." அழுதபடியே சிரித்தாள். மெயிலை அழித்தாள்.

மேடம் மாற்றலாகி வேறு துறைமுகம் போய்விட்டார். நான் நன்றி சொன்னேனா என்பதுகூட நினைவில்லை. ஏதாவது ஜோக்குதான் அடித்திருப்பேன். நேற்று, புனேயிலிருந்து லீவுக்கு வந்த மகள் மறுபடி சென்ட்ரலில் ரயிலேறினாள். வீடு திரும்பியதும் நெஞ்சு பிடித்தது. நோட்டை எடுத்தேன். மூன்றாம் பத்தியில் 'மகள் போனாள், அழுகை வந்தது' என்று எழுதினேன். 'ஒன்றுமில்லை' என்பதை இப்போது கோளாறு என்கிற இரண்டாம் பத்தியில் எழுதுகிறேன். மேடம் பார்த்தால் திருப்பி அனுப்பமாட்டார்.