இருபத்தேழாம் குப்பியில் வந்த ஜிங்க்

எங்கள் ஆய்வகத்தில் என்னோடு வேலை பார்ப்பவளுக்குப் 'பவுடர் போலீஸ்' என்று பெயர். வாசலில் நின்று ஆளை மோந்து பார்ப்பாள். க்ரீம் பூசியவர், பவுடர் அடித்தவர் யாரானாலும், பெரிய டாக்டரே ஆனாலும், கழுவிவிட்டு வரச் சொல்லித் துரத்துவாள். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். ஆனால் அவள் பக்கம் நியாயம் இருந்தது. புராஸ்டேட் சுரப்பியிலிருந்து எடுத்த அரிசிமுனை அளவு சதையை அமிலத்தில் கரைத்து, அதில் ஜிங்க், அதாவது துத்தநாகம், எவ்வளவு என்று அளப்பதுதான் எங்கள் பிழைப்பு. நல்ல சதையில் ஜிங்க் தாராளமாக இருக்கும். புற்று வந்தால் குறைந்துவிடும். க்ரீமிலும் பவுடரிலும் இருப்பது அதே ஜிங்க். ஒரு துளி விழுந்தால் போதும், நோய் உள்ளவரையும் இல்லாதவராகக் காட்டிவிடும்.

அன்று காலை அவள் புருஷன் கார் லைசென்ஸ் டெஸ்டில் தேறிவிட்டார். ஏழாவது தடவை! மனிதருக்குத் தலைகால் புரியவில்லை. நேராக எங்கள் ஆய்வக வாசலுக்கே ஓடிவந்து, "பாஸாயிட்டேன்டீ!" என்று அவளை அப்படியே தூக்கி ஒரு சுற்றுச் சுற்றினார்.

"ஐயோ விடுங்க, மானம் போகுது!" என்று கத்தினாளே ஒழிய, முகமெல்லாம் பல். சிரித்துக்கொண்டே உள்ளே வந்து, சிரித்துக்கொண்டே இருபத்தேழாம் எண் சதையைக் குப்பியில் போட்டாள். மதியம் நானும் இளித்துக்கொண்டே மெஷினை ஓட்டினேன். ஜிங்க் ஏராளம். மைக்ரோஸ்கோப்பில் பார்த்தவர்களுக்கு அந்த இருபத்தேழாம் எண் நோயாளி விஷயத்தில் சந்தேகம் தீரவில்லை. அதனால் டாக்டர் நாங்கள் சொல்லும் ஜிங்க் அளவுக்காகவே காத்திருந்தார்.

"கவலையில்ல, அடுத்த வருஷம் வந்தாப் போதும்னு சொல்லிடறேன்" என்று போனை எடுத்தார்.

அப்போதுதான் அவள் தன் கோட்டுக் கையைப் பார்த்தாள். வெள்ளையாக ஒரு தீற்றல். டெஸ்டுக்கு வெயிலில் நிற்கவேண்டுமே என்று புருஷன் அப்பிக்கொண்டு போன க்ரீம்.

"டாக்டர், போனை வைங்க!"

"ரிங் போகுதும்மா."

"வைங்கன்னா வைங்க! அது அந்த மனுஷனோட ஜிங்க் இல்ல. எங்க வீட்டுக்காரரோடது!"

டாக்டர் வைத்துவிட்டார். அறையில் ஒன்பது பேர் அவளையே பார்த்தோம்.

"கட்டிப்பிடிச்சாரு. கோட்டை மாத்தாம வந்துட்டேன். என் தப்புதான்" என்றாள். காதுவரை சிவந்துவிட்டது. நாங்கள் வயிறு வலிக்கச் சிரித்தோம். அவளும் அழுதுகொண்டே சிரித்தாள்.

பதிவேட்டைத் திறந்தாள். "மெஷின் கோளாறுன்னு எழுதிடேன்" என்று அவள் காதில் சொன்னேன்.

"மெஷின் என்னடி பாவம் பண்ணிச்சு?" என்றவள், தவறுக்குக் காரணம் என்ற கட்டத்தில் 'என் கணவர்' என்று எழுதி, அடித்துவிட்டு, 'நான்' என்று எழுதினாள்.

மிச்சம் இருந்தது ஒரே துணுக்கு. கோட்டு, கையுறை எல்லாம் புதிதாக மாட்டிக்கொண்டு அவளே மறுபடி செய்தாள். நான் மெஷினை ஓட்டினேன். நல்ல சதையில் இருப்பதில் பாதிகூட ஜிங்க் இல்லை.

அந்த மனிதரை மறுநாளே வரவழைத்து மறுபடி சதை எடுத்தார்கள். அடுத்த வாரம் டாக்டர் முடிவோடு வந்தார். "புற்றுதான். ஆனா சின்னதா இருக்கும்போதே பிடிச்சுட்டோம். குணமாயிடும்." நான் போட்ட கூச்சலில் பக்கத்து அறைக்காரர்கள் ஓடிவந்தார்கள். அவள் மட்டும் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள்.

"டாக்டர், அன்னைக்கு நான் வெட்கப்பட்டுக்கிட்டு சும்மா இருந்திருந்தா?"

"அது உள்ள வளர்ந்துக்கிட்டே இருந்திருக்கும்மா. அவர் நமக்கு நன்றி சொல்லிட்டு வீட்டுக்குப் போயிருப்பார்."