வாசலை அடைத்து நிற்பவள்

"கோட்டைக் கழட்டுங்க. பொட்டலத்த அங்க ஓரமா வைங்க. இந்தக் கூடையில துவைச்ச துணி இருக்கு, படிக்குக் கீழ ஸ்டாண்டுல காயப் போடுங்க. அப்புறம் பிள்ளையப் பாக்கலாம்."

வாசலை அடைத்துக்கொண்டு இதைச் சொல்கிறாள் வீர்லெ. வந்தவர், குழந்தையின் அப்பா ஸ்டெய்ன் வேலை செய்யும் அலுவலகத்தின் மேலாளர். கையில் இடுப்பு உயரத்துக்குப் பரிசுப் பெட்டி. ஒரு கோப்பை காபி, ஒரு துண்டு கேக், திரும்பும்போது ரிப்பன் கட்டிய சின்னப் பெட்டியில் சர்க்கரை பூசிய பாதாம் என்று, பிள்ளை பார்க்க வருகிறவருக்கு அந்த ஊரில் செய்கிற வழக்கமான மரியாதையை எதிர்பார்த்து வந்தவர், ஐந்து நிமிடத்தில் பாலூட்டும் உள்சட்டை ஒன்றைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு விழிக்கிறார். வீர்லெ உதவிக்குப் போவதில்லை.

வீர்லெ டூலா. பிரசவத்தின்போதும் அதற்குப் பிறகும் தாய்க்குத் துணை நிற்பது அவள் தொழில். மருத்துவச்சி அல்ல, ஊசி மருந்து எதையும் தொடமாட்டாள். கெண்ட் நகரத்தின் லேடபெர்க் பகுதியில், தோளோடு தோள் இடித்து நிற்கும் ஒடுங்கிய வீடுகளில் அவளுக்கு எப்போதும் வேலை இருக்கிறது. ஐம்பதைத் தொடும் வயது, அகன்ற தோள், அதில் பாத்திரம் துடைக்கும் துணி ஒன்று. ரகசியம் பேசினாலும் பக்கத்து வீட்டுக்காரர் சுவரைத் தட்டுகிற குரல். வெங்காயத்தாள் மாதிரியான லீக்ஸ் கீரையில் பெரிய பானை நிறைய சூப் வைப்பாள். தாய் குடித்து முடிக்கும்வரை எதிரே உட்கார்ந்து, அவள் வாயையே பார்த்துக்கொண்டிருப்பாள். அது சிலருக்குப் பிடிப்பதில்லை.

பாதாம் என்ற பேச்சை எடுத்தால் போதும், அவளுக்குக் கோபம் உச்சந்தலை வரை ஏறிவிடும்.

"நிறைமாசத்துல கால் ரெண்டும் வீங்கிக் கெடக்கு. அந்தப் பொண்ணு மேசையில உக்காந்து பொட்டிக்கு ரிப்பன் கட்டுறா. யாருக்கு? வந்து தின்னுட்டுப் போறவனுக்கு. வயித்தக் கிழிச்சுப் பிள்ள பெத்தவளுக்கு ஒருத்தன் சூப் கொண்டுவந்தானா? இவ அவனுக்கு மிட்டாய் குடுக்கணுமாம்."

இந்தக் கோபத்தில் அநியாயம் ஒன்றுமில்லை. பிள்ளை பிறக்குமுன்பே கடையில் போய்ப் பட்டியல் போட்டு, உறவினரும் நண்பரும் அதிலிருந்து ஆளுக்கொன்று வாங்கி வந்து குவிக்கிற ஊர் இது. பால்புட்டியைச் சூடாக்க ஒரு கருவி, துடைக்கும் ஈரத்தாளைச் சூடாக்க இன்னொரு கருவி, அறை எத்தனை சூடு என்று நிறம் மாறிக் காட்டும் விளக்கு. எல்லாம் வந்து சேரும். துவைக்க ஒரு கை மட்டும் வராது. அதைக் கேட்டால், உங்கள் வசதிக்குத்தானே இத்தனையும் என்பார்கள். யானை வாங்கித் தந்துவிட்டு அங்குசத்தைத் தராத கதைதான்.

வீர்லெ முதல் நாளே அவற்றையெல்லாம் அள்ளித் தோட்டத்துக் கொட்டகையில் கொண்டுபோய் அடுக்கிவிடுவாள். "பிள்ளைக்கு வேண்டியது பாலு, துணி, ஒரு தோளு. மிச்சமெல்லாம் கடைக்காரனுக்கு வேண்டியது" என்பாள். தன் மகன்கள் இருவரையும் மேசை இழுப்பறையில் படுக்கவைத்து வளர்த்ததாகச் சொல்வாள். கேட்பவர் நம்பாவிட்டால், இழுப்பறையின் நீள அகலத்தைக் கையால் காட்டுவாள்.

ஸ்டெய்னின் மனைவி அன்னலோர் வீட்டிலும் அப்படித்தான் அடுக்கினாள். அன்னலோருக்கு அறுவைப் பிரசவம். பெண் குழந்தை, பெயர் ஃபீன். மெல்லிய குரலில் பேசுகிற பெண் அன்னலோர். எதைக் கேட்டாலும் "பரவாயில்ல" என்பாள். அவள் மாமியார் மோனிக் வாங்கிவந்த பரிசு, பொத்தானை அழுத்தினால் தானாக ஆடுகிற தொட்டில் நாற்காலி. அது கொட்டகைக்குப் போனதைப் பார்த்ததும் மோனிக் பிடித்துக்கொண்டாள்.

"என் பேத்தி என்ன அனாதையா, வெறுந்துணியில கெடக்க? நாலு பேரு என்ன நெனைப்பாங்க?"

"நாலு பேரும் ஆளுக்கொரு நாள் வந்து பாத்திரம் கழுவட்டும். அப்புறம் நெனைக்கட்டும்."

"இதச் சொல்ல நீங்க யாருங்க? மூணு வாரத்துக்கு வந்தவங்க."

"ஆமாங்க. நீங்க ஒரு மணி நேரத்துக்கு வந்தவங்க."

மோனிக் கைப்பையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டாள். வீர்லெ அன்று முழுவதும் சீட்டியடித்துக்கொண்டே உருளைக்கிழங்கு உரித்தாள். அன்னலோர் கட்டிலில் இருந்தபடி எல்லாவற்றையும் கேட்டாள். அவள் என்ன நினைத்தாள் என்று இருவரில் ஒருவரும் கேட்கவில்லை.

ஸ்டெய்னின் விடுப்பு முடிந்தது. திங்கட்கிழமை விடிந்ததும் அவன் வேலைக்குப் போய்விட்டான். தையல் ஆறாதவளையும் கைக்குழந்தையையும் விட்டுவிட்டுப் போகச் சொல்கிறது உலகம், அவனும் போகிறான், அதில் யாருக்கும் வெட்கமில்லை. வீர்லெ அன்று வேறொரு பிரசவத்தில் இருந்ததால் பிற்பகல்தான் வர முடிந்தது. நவம்பர் மாதம், நாலரைக்கெல்லாம் இருட்டு கட்டத் தொடங்கியிருந்தது. விளக்கில்லாத சைக்கிளுக்கு அபராதம் போடுகிற ஊர் இது, முன்னும் பின்னும் விளக்கை எரியவிட்டு வந்து சேர்ந்தாள்.

உள்ளே ஃபீன் வீறிட்டு அழுதுகொண்டிருந்தாள். சமையலறைத் தரையில் விரித்த கம்பளத்தில் கிடந்தாள். பக்கத்தில் யாருமில்லை. வீர்லெ குழந்தையை வாரித் தோளில் போட்டுக்கொண்டு பின்கதவுக்கு ஓடினாள். கொட்டகைக்குள் அன்னலோர், இரவு உடையில், ஒரு கையால் அடிவயிற்றைப் பிடித்துக்கொண்டு மறு கையால் பெட்டிகளை இழுத்துக்கொண்டிருந்தாள். தொட்டில் நாற்காலி எல்லாவற்றுக்கும் அடியில் இருந்தது. அடுக்கியது வீர்லெ.

"புத்தி கெட்டுப்போச்சா உனக்கு? தையல் பிரிஞ்சா என்ன ஆவுறது? பிள்ளையத் துணியில நெஞ்சோட கட்டிக்கன்னு எத்தன தடவ சொன்னேன்?"

"கட்டினா முடிச்சு தையல்ல இடிக்குது."

"அத சொல்றதுக்கென்ன?"

அன்னலோர் நிமிர்ந்தாள். முகம் வெளுத்திருந்தது.

"எப்ப சொல்றது? நீங்க அவ்வளவு சத்தமா நல்லது பண்றீங்க. அத்தையும் நீங்களும் என் பிள்ளைக்கு என்ன வேணும்னு சண்ட போட்டீங்க. என்னைய யாராச்சும் கேட்டீங்களா? காலையிலேருந்து இவள எறக்கி வச்சா அழுறா. நான் இன்னும் ஒண்ணுக்குப் போகல. பல்லு வெளக்கல. ஒரு தோளு வேணும்பீங்களே, அந்தத் தோளு சாயங்காலமானா சைக்கிள் ஏறிப் போயிடுது. இந்த நாற்காலி போகாது."

இவ்வளவு நீளமாக அவள் பேசி வீர்லெ கேட்டதில்லை. நியாயத்துக்கு வாசலை அடைத்து நின்றவள், உள்ளே இருந்தவளையும் சேர்த்தே அடைத்துவிட்டாள். நல்ல எண்ணத்தோடு செய்தாள் என்பதால் அந்தப் பெண்ணின் வயிற்றுவலி குறைந்துவிடப் போவதில்லை.

"போ. மொதல்ல நீ பாத்ரூம் போ" என்றாள், அவளுக்கே பழக்கமில்லாத சின்னக் குரலில்.

அன்னலோர் போனாள். வீர்லெ குழந்தையை ஒரு தோளில் சாய்த்துக்கொண்டே, மறு கையால் பெட்டிகளைத் தள்ளி நாற்காலியை வெளியே எடுத்தாள். சமையலறைக்குக் கொண்டுவந்து, தோளிலிருந்த துணியால் துடைத்தாள். பொத்தானை அழுத்தினாள். ஆடவில்லை. உள்ளே பேட்டரி இல்லை. மேசை இழுப்பறைகளை ஒவ்வொன்றாகத் திறந்தாள். ஒவ்வொன்றிலும் ரிப்பன்தான் இருந்தது.

முகம் கழுவிக்கொண்டு அன்னலோர் திரும்பி வந்தபோது, வீர்லெ நாற்காலிக்கு முன்னால் முழங்காலிட்டிருந்தாள். ஃபீன் அவள் தோளில் விக்கிக்கொண்டிருந்தாள். ஜன்னலுக்கு வெளியே தெருவிளக்குகள் எரிய ஆரம்பித்துவிட்டன. வீர்லெ தன் சைக்கிளின் முன்விளக்கையும் பின்விளக்கையும் கழற்றித் தரையில் வைத்து, கரண்டிக் காம்பால் அவற்றின் மூடியை நெம்பி, பேட்டரிகளை ஒவ்வொன்றாக எடுத்து நாற்காலிக்குள் போட்டுக்கொண்டிருந்தாள்.