நாலு பன்னிரண்டுக்கு முன் திறந்த பதிவேடு

பொல்கஹவெல ரயில் நிலையத்தில் முப்பத்தொரு வருடம் கைகாட்டி இறக்கியவர் சுதுபண்டா. ஓய்வு பெற்றதும் ரயில்கள் அவரை விட்டுப் போயின. பதிவேடு எழுதும் பழக்கம் போகவில்லை. பால் வந்த நேரம், மின்சாரம் போன நேரம், பக்கத்து வீட்டுக்காரனான நான் மண்வெட்டி இரவல் வாங்கிய நேரம் எல்லாம் அதில் உண்டு. திருப்பிக் கொடுத்த நேரம் மட்டும் இல்லை. அது என் குற்றம்.

போன வாரம் இடி விழுந்து எங்கள் இரண்டு வீட்டு வைஃபை பெட்டிகளும் கருகின. அவருக்குப் புதிது வந்துவிட்டது, எனக்கு வரவில்லை. பெட்டியின் அடியில் ஒட்டியிருந்த கடவுச்சொல்லைப் பதிவேட்டில் எழுதிக்கொண்டு, சீட்டை நகத்தால் சுரண்டி எடுத்துவிட்டார். ரகசியத்தை முதுகில் ஒட்டிக்கொண்டு நிற்பது ரயில்வேயில் வழக்கமில்லையாம்.

சித்திரைப் புத்தாண்டு வந்தது. பழைய வருடத்துக்கும் புதியதற்கும் இடைப்பட்ட நொனகதய நேரத்தில் யாரும் வேலை செய்யக் கூடாது, எதையும் தின்னக் கூடாது. அடுத்த வீட்டை எட்டிப் பார்க்கத் தடையில்லை என்பதால் நான் அங்கே இருந்தேன். வேலை தொடங்க நல்ல நேரம் மாலை நாலு பன்னிரண்டு. முதல் வரி எழுதுவதற்காகப் பதிவேடு வெள்ளைத் துணி சுற்றி, வெற்றிலையோடு அலுமாரியில் பூட்டியிருந்தது.

முந்தின நாள் கொழும்பிலிருந்து புது லேப்டாப்போடு வந்திருந்த மகள் தினுஷிகாவுக்கு மூன்று மணிக்கு இன்டர்வியூ. சிங்கப்பூர் வேலை.

"அப்பா, பாஸ்வேர்டு கேக்குது."

"நாலு பன்னிரண்டுக்குத் தர்றேன்."

"மூணுக்கு இன்டர்வியூப்பா! இப்பவே ரெண்டு நாப்பது."

"அவங்களைக் கொஞ்சம் பொறுக்கச் சொல்லு."

"சிங்கப்பூர்ல நொனகதய இல்லப்பா."

"அதான் அங்க எல்லாரும் ஓடிக்கிட்டே இருக்காங்க."

அவள் கைபேசியைத் தூக்கிக்கொண்டு கிணற்றடிக்கு ஓடினாள். அந்த வீட்டில் சிக்னல் ஒரு கோடு காட்டும் இடம் அதுதான். அந்தக் கோடும் அன்று விடுமுறையில் இருந்தது.

சுதுபண்டாவைப் பிடிவாதக்காரர் என்று எழுதிவிட்டுப் போவது சுலபம். இரண்டு வருடத்துக்கு முன் இதே நொனகதயவில், சர்க்கரை இறங்கித் தலைசுற்றிய அவர் மனைவி சுமனாவதி ஒரு வாழைப்பழம் சாப்பிட்டாள். ஆகஸ்டில் போய்விட்டாள். சிறுநீரகம் என்றார் டாக்டர். சுதுபண்டா இன்றுவரை வாழைப்பழம் என்கிறார்.

இரண்டு ஐம்பதுக்கு தினுஷிகா கிணற்றடியிலிருந்து திரும்பி வந்தாள். முகம் நனைந்திருந்தது.

"புத்தாண்டுக்கு எத்தன தடவ டூட்டியில இருந்தீங்க?"

"பத்தொம்பது."

"நொனகதயன்னு ரயில நிறுத்தினீங்களா?"

"அது கவர்மெண்டு பாவம்."

"இது என் பாவமா இருக்கட்டும். சாவியக் குடுங்க."

அந்த வார்த்தையில்தான் மனிதர் எழுந்தார். "நீ தொடாதே. ரெண்டு கையையும் பின்னால கட்டிக்க." அலுமாரியைத் திறந்தார், வெற்றிலையை ஓரமாக வைத்தார், துணியைப் பிரித்தார். ஒவ்வோர் எழுத்தாக வாசித்தார். அவள் தட்டப் போனபோது அதையும் விடவில்லை; ஒற்றை விரலால் அவரே தட்டினார். இரண்டு முறை தப்பு. மூன்றாவது முறை இணைந்தது. சுவர்க் கடிகாரத்தில் மூன்று ஆறு. அவள் கதவைச் சாத்திக்கொண்டாள்.

உள்ளே ஆங்கிலம் கேட்டுக்கொண்டிருந்தது. வெளியே அவர் கைவிரலை வேட்டியில் துடைத்துக்கொண்டே இருந்தார். "இந்த வருசம் ஏதாவது வந்தா எனக்குத்தானே வரும்? தட்டினது நான்தானே?" என்று என்னைக் கேட்டார். எனக்கு என்ன தெரியும்? ஆமாம் என்றேன். அப்போதுதான் நிம்மதியாக மூச்சுவிட்டார்.

நாலு பன்னிரண்டுக்கு ஊரெல்லாம் பட்டாசு வெடித்தது. சுதுபண்டா பதிவேட்டைத் திறந்து எழுதினார்: வேலை தொடங்கிய நேரம் 4.12.

"மூணு ஆறு இல்லையா அண்ணே?"

"உங்க மண்வெட்டி விசயத்தையும் இப்பவே பேசிரலாமா?"

நான் தட்டிலிருந்த கொக்கிஸ் பலகாரம் ஒன்றை எடுத்து வாயை அடைத்துக்கொண்டேன்.

தினுஷிகா பால்சோற்றுத் தட்டின் முன் வந்து உட்கார்ந்தாள். "நல்லாப் பேசினாங்கப்பா. ஜூன்ல வர முடியுமான்னு கேட்டாங்க."

 சுதுபண்டா மேசையில் இருந்த வாழைப்பழச் சீப்பை அவளுக்கு எட்டாத பக்கமாக நகர்த்தி வைத்தார்.